கை ஆபரேஷனுக்கு மரத்துப்போகும் ஊசி: கூடவே கலக்கும் 'துணை மருந்து' எதற்கு? முதல் ராத்திரி வலியைத் தள்ளிப்போடுமா?

புதுச்சத்திரம் பக்கம் பைக் சறுக்கி முன்கை எலும்பு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு "பிளேட் வைக்கணும்" என்கிறார் எலும்பு டாக்டர். அடுத்து மயக்க டாக்டர் வருகிறார். "முழு மயக்கம் தேவையில்லை, கையை மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம்" என்கிறார். காறை எலும்புக்கு மேலே ஒரு ஊசி. அரை மணி நேரத்துக்குள் கை யாரோ ஒருவருடைய கை மாதிரி கனத்துக் கிடக்கிறது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தாச்சு. சாயங்காலம் போனில் விசாரிக்கிற எல்லோரிடமும் "வலியே இல்லப்பா" என்கிறீர்கள்.

ராத்திரி 2 மணிக்கு வலி ஆரம்பிக்கிறது.

மெதுவாக இல்லை, மொத்தமாக. வார்டில் விளக்கு அணைத்தாச்சு. நர்ஸ் அடுத்த ஹாலில் இருக்கிறார். துணைக்கு வந்த அம்மா தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார். ஊசியின் வேலை தீர்ந்துவிட்டது, வலி மாத்திரையின் வேலை இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பது மயக்கவியல் துறையில் 100 வருஷத்துக்கும் மேலாக நடக்கும் தேடல். அதற்கு அவர்கள் கையாளும் வழிகளில் ஒன்றுதான் 'அட்ஜுவன்ட்'. தமிழில் துணை மருந்து என்று சொல்லலாம். மரத்துப்போக வைக்கும் மருந்தோடு இன்னொரு மருந்தைச் சிறிய அளவில் கலந்து போடுவார்கள். அந்த இரண்டாவது மருந்தை மட்டும் தனியாகப் போட்டால் ஆபரேஷன் செய்யும் அளவுக்குக் கை மரத்துப்போகாது. சேர்ந்தால், மரத்துப்போன நேரம் நீளும்.

எவ்வளவு நீளும்? அதற்கு என்ன விலை? உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கலக்கிறார்களா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், 'பிளாக்' என்றால் என்ன?

கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 5 நரம்பு வேர்கள்தான் ஒரு கை முழுக்கக் கிளை பரப்புகின்றன. விரல் நுனிக்குப் போகும் முன்பு, காறை எலும்புக்குப் பின்னால் அவை ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும். அந்தக் கொத்தைச் சுற்றி மருந்தை விட்டால் தோளுக்குக் கீழே கிட்டத்தட்ட முழுக் கையும் மரத்துப்போகும். முன்பு தோல் மேல் அடையாளம் பார்த்துத் தோராயமாகக் குத்துவார்கள். இப்போது பல இடங்களில் ஸ்கேன் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் சேர்த்துப் பார்த்தபடியே போடுகிறார்கள்.

வலி என்பது நரம்பு வழியாக ஓடும் மின் தகவல். நரம்புச் செல்லின் சுவரில் உள்ள சோடியம் வாசல்கள் திறந்தால்தான் அந்தத் தகவல் நகரும். லிக்னோகைன், புபிவகைன், ரோபிவகைன் போன்ற மருந்துகள் செல்லுக்குள் நுழைந்து அந்த வாசலை உள்பக்கமாகத் தாழ் போட்டுவிடும். மூளைக்குச் செய்தி போகாது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து போனதும் தாழ் விலகும். லிக்னோகைன் ஒன்று முதல் மூன்று மணி நேரம் தாங்கும். புபிவகைன் என்றால் 6 முதல் 12 மணி நேரம் வரை போகலாம். ஆளுக்கு ஆள் மாறும்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் விடியும் வரை தாங்குமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். புபிவகைனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிகிராம். 0.5 சதவீத மருந்தில் கணக்குப் போட்டால் 20 மில்லிதான். அதைத் தாண்டினாலோ, தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ உதடு மரப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம், இதயமே நின்றுபோகலாம். இந்த மாதிரி நேரத்தில் கொடுக்கத்தான் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைத் தயாராக வைத்திருப்பார்கள். ஆக, மரத்துப்போகும் மருந்தைக் கூட்ட வழியில்லை. கூட இன்னொன்றைச் சேர்க்கலாம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நரம்புப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்து, பம்ப் மூலம் நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாக மருந்து கொடுக்கலாம். அருமையான முறைதான். ஆனால் அதற்குச் செலவு ஆகும், குழாய் நகராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கூட்டம் நிரம்பிய வார்டில் ஒரே ஊசியோடு முடிகிற வழிக்கே மவுசு அதிகம். துணை மருந்து ஆராய்ச்சி நம்ம ஊர்களில் இவ்வளவு நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே தோன்றுகிறது.

பல் டாக்டரிடம் போனவர்களுக்கு இது புதுசில்லை

நரம்பை மரத்துப்போக வைக்கும் கதை கோகைனில் தொடங்கியது. 1884-ல் கார்ல் கோலர் என்ற கண் டாக்டர் கண்ணை மரத்துப்போகச் செய்ய அதைப் பயன்படுத்தினார். அடுத்த சில மாதங்களிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நரம்புக்கு அருகில் அதைச் செலுத்திப் பார்த்தார். தன் மேலேயே சோதித்துப் பார்த்ததில் கோகைனுக்கே அடிமையாகிப் போனார் என்பது இந்தக் கதையின் சோகமான பக்கம்.

மருந்து ரத்தத்தில் சீக்கிரம் கலந்துவிடுவதுதான் அன்றைக்கும் பிரச்சினை. கையில் இறுக்கிக் கட்டுப் போட்டு அதைத் தடுத்துப் பார்த்தார்கள். 1901-ல் அட்ரினலின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். 1903-ல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் பிரவுன் அதை மரத்துப்போகும் மருந்தோடு கலந்து, கயிற்றுக் கட்டுக்குப் பதில் ரசாயனக் கட்டு என்றார். துணை மருந்துகளில் மூத்தது இதுதான். இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசியில் பெரும்பாலும் லிக்னோகைனும் அட்ரினலினும் சேர்ந்தே இருக்கும். 80,000 பங்குக்கு ஒன்று, 2 லட்சம் பங்குக்கு ஒன்று என்ற அளவில். அண்ணாமலை நகரில் 1980-லிருந்தே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பல் பிடுங்கிக்கொண்டவர்களில் பலர், பெயர் தெரியாமலேயே துணை மருந்து வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடிப்பதாகச் சிலர் சொல்வதற்கு அட்ரினலினும் ஒரு காரணமாக இருக்கலாம். இதய நோய் இருந்தால் பல் டாக்டரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

கண் புரை ஆபரேஷனுக்குக் கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியிலும் ஒரு துணை உண்டு. ஹயலுரோனிடேஸ் என்ற என்சைம். இது நேரத்தை நீட்டுவதற்கு அல்ல, திசுக்களைத் தளர்த்தி மருந்து சீக்கிரம் பரவுவதற்கு.

பெயர் குழப்பம்: 'டெக்ஸா' வேறு, 'டெக்ஸ்' வேறு

இப்போது அதிகம் பேசப்படும் இரண்டு துணை மருந்துகளின் பெயர்களும் 'டெக்ஸ்' என்றே ஆரம்பிக்கும். கேஸ் ஷீட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம்.

ஒன்று டெக்ஸாமெத்தசோன். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்தார்களே, அதே ஸ்டீராய்டு. பழைய மருந்து, விலை மலிவு. நரம்பு பிளாக்கில் பொதுவாக 4 முதல் 8 மில்லிகிராம் வரை சேர்க்கிறார்கள்.

இன்னொன்று டெக்ஸ்மெடிடோமிடின். 1999-ல் அமெரிக்காவில் ஐ.சி.யூ. நோயாளிகளை அமைதியாக உறங்க வைக்க அனுமதிக்கப்பட்ட மருந்து. இதை மைக்ரோகிராமில்தான் அளப்பார்கள். 50 மைக்ரோகிராம் என்றால் தூள் உப்பின் ஒரே ஒரு துகள் எடை இருக்கும், அவ்வளவுதான். இதற்கு முன்பு ரத்த அழுத்த மருந்தான குளோனிடினை இதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 2009-ல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் குளோனிடின் சுமார் 2 மணி நேரம் கூட்டித் தந்தது தெரிந்தது. டெக்ஸ்மெடிடோமிடின் அதே குடும்பத்தில் இன்னும் துல்லியமான தம்பி.

இது நரம்பில் செய்யும் வேலை சுவாரஸ்யமானது. ஒரு தகவலைக் கடத்தி முடித்த நரம்பு, அடுத்ததற்குத் தயாராக மறுபடி பழைய மின் நிலைக்கு வர வேண்டும். அப்படி வர விடாமல் இந்த மருந்து தடுக்கிறது. சோடியம் வாசலை ஒரு மருந்து தாழ் போடுகிறது, இன்னொன்று வாசல்காரனையே தூங்கப்போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2017-ல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் வந்த ஒரு தொகுப்பு, 32 ஆய்வுகளில் இருந்த 2,007 நோயாளிகளைப் பற்றியது. கைக்குப் போகும் நரம்புக் கொத்தில் போடும் பிளாக்கில் டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தபோது மரத்துப்போன நேரம் பாதிக்கும் மேல், சுமார் 57 சதவீதம் நீண்டது. 50 முதல் 60 மைக்ரோகிராம் அளவே போதுமானது என்றார்கள். கூடவே இதயத் துடிப்பு குறைவது, ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்கக் கலக்கம் மூன்றும் அதிகமானது. பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவைதான். ஆனால் ஏற்கெனவே துடிப்பு மெதுவாக உள்ளவருக்கும், பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலி தெரியாத நேரம் மட்டும் நீளுவதில்லை, கையை அசைக்க முடியாத நேரமும் சேர்ந்தே நீள்கிறது.

நரம்புப் பக்கத்திலா, சாதாரண ஐ.வி. ஊசியாகவா?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். டெக்ஸாமெத்தசோனை நரம்பைச் சுற்றித்தான் போட வேண்டுமா? கையில் ஏற்கெனவே இருக்கும் ஐ.வி. வழியாகக் கொடுத்தால் ஆகாதா?

2017-ல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, மொத்தம் 2,702 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கை, தோள் ஆபரேஷன்கள்தான் இதில் அதிகம். நரம்பைச் சுற்றிப் போட்டவர்களுக்கு, டெக்ஸா போடாதவர்களைவிட மரத்துப்போன நேரம் சராசரியாக 6.7 மணி நேரம் கூடியது. சரி. ஐ.வி. வழியாகக் கொடுத்தவர்களுக்கு? 6.2 மணி நேரம்.

ஏறக்குறைய சமம்! இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 9 ஆய்வுகளை மட்டும் எடுத்தால் நரம்பு வழி சுமார் 3 மணி நேரம் முன்னே இருந்தது. ஆனால் முதல் நாள் வலியின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இது ஏன் முக்கியம்? டெக்ஸாமெத்தசோன், டெக்ஸ்மெடிடோமிடின் இரண்டுமே நரம்பைச் சுற்றிப் போடுவதற்கென்று அனுமதி வாங்கி வந்தவை அல்ல. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டில் பொதுவாக அந்த வழி இருக்காது. 'ஆஃப் லேபிள்' என்பார்கள். இது திருட்டுத்தனம் இல்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் தங்கள் பொறுப்பில், சான்றுகளைப் பார்த்துச் செய்வதுதான். ஆனால் அனுமதி உள்ள ஐ.வி. வழியிலேயே கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்குமானால், கூடுதலான 3 மணி நேரத்துக்காக நரம்புக்குப் பக்கத்தில் போட வேண்டுமா என்று டாக்டர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. நரம்பு வழியில் பெரிய பாதிப்பு எதையும் ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை என்பது ஒரு தரப்பு. அரிதான பாதிப்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆய்வுகள் பெரிதாக இல்லை என்பது மறு தரப்பு. இரண்டுமே உண்மைதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. டெக்ஸா எந்த வழியில் போனாலும் ஓரிரு நாள் சர்க்கரையை ஏற்றலாம். சர்க்கரையால் கால் விரல்களில் ஏற்கெனவே எரிச்சல், மதமதப்பு இருந்தால் அதை மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். பாதித்த நரம்பில் பிளாக் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புப்ரினார்ஃபின் என்ற வலி மருந்து நேரத்தை நன்றாகவே நீட்டும், ஆனால் வாந்தி படுத்தும். சோடியம் பைகார்பனேட் லிக்னோகைனின் அமிலத்தன்மையைக் குறைத்து அது சீக்கிரம் வேலை செய்ய உதவும், ஆனால் புபிவகைனில் கூடுதலாகக் கலந்தால் பால் திரிந்த மாதிரி படிந்துவிடும். மெக்னீசியத்திலும் கெட்டமைனிலும் சோதனை நடந்திருக்கிறது. மிடாசோலம் மட்டும் வேறு கதை. ஆய்வகத்தில் எலி நரம்புச் செல்களில் அது நச்சுத்தன்மை காட்டியதால் நரம்பைச் சுற்றிப் போட வேண்டாம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. நேரத்தை நீட்டுகிறதா என்பது மட்டுமே கேள்வி இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அண்ணாமலை நகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கை காயத்துக்கும் பிளாக் ஊசிக்கும் தமிழ்நாட்டில் பழைய உறவு உண்டு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். கோவை கங்கா ஆஸ்பத்திரியை 1978-ல் தொடங்கிய டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதனே ஒரு மயக்கவியல் மருத்துவர்தான். மிஷினில் கை சிக்கியவர், பைக்கில் விழுந்தவர் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிட்ட வயிற்றோடு வருவார்கள். முழு மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. கையை மட்டும் மரத்துப்போக வைத்தால் அந்தக் கவலை குறையும்.

சிதம்பரத்தைச் சுற்றி வயல், மீன்பிடித் துறை, நெடுஞ்சாலை மூன்றும் இருக்கின்றன. கை உடைந்து வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது. அவர்கள் வந்து சேரும் இடங்களில் முக்கியமானது 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2021 ஜனவரியில் அது சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. சிகிச்சை கொடுக்கும் இடம் என்பதோடு, மயக்கவியலில் எம்.டி. படிப்பவர்கள் பயிலும் இடமும் அது.

எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். 'புபிவகைனோடு டெக்ஸ்மெடிடோமிடின் சேர்ப்பதா, டெக்ஸாமெத்தசோன் சேர்ப்பதா' என்ற மாதிரித் தலைப்பு இந்தியா முழுக்க மாணவர்களுக்குப் பிரியமானது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தை இணையத்தில் திறந்து பார்த்தால் இந்த வகைத் தலைப்புகள் வரிசையாக வரும். நோயாளிகள் இருக்கிறார்கள், மருந்து மலிவு, மரத்துப்போன நேரத்தை அளக்கக் கடிகாரம் போதும். பெரும்பாலும் 60, 90 பேர், இரண்டு அல்லது மூன்று குழு. இத்தனை சின்ன ஆய்வுகள் தனித்தனியாக எதையும் தீர்த்துவைக்காது என்பது சரிதான். ஆனால் உலக அளவிலான தொகுப்புகளில் சேர்ந்திருப்பதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஆய்வுகள்தான், அவற்றில் இந்தியாவிலிருந்து போனவையும் உண்டு.

ஆகவே, போதனா ஆஸ்பத்திரி எதிலாவது ஆபரேஷனுக்கு முன்பு உங்களிடம் இரண்டு படிவம் நீட்டப்படலாம். ஒன்று ஆபரேஷனுக்கும் மயக்கத்துக்குமான சம்மதம். இன்னொன்று ஆய்வில் சேருவதற்கானது. இரண்டும் ஒன்றல்ல. வலியில் துடிக்கும்போது யாருக்கும் படிக்கப் பொறுமை இருக்காது, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடத்தான் தோன்றும். கூட வந்தவர்களாவது படித்துவிடுங்கள். ஆய்வுப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எந்த மருந்து, ஏன், என்ன பக்கவிளைவு என்று விளக்க வேண்டும். சேர மாட்டேன் என்றாலோ, சேர்ந்துவிட்டு நடுவில் விலகினாலோ, வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. 

2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்தைப் புதிய வழியில் படிப்புக்காகச் சோதிக்கும் ஆய்வுகளுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்வதற்கென்று இந்தியாவில் 2007-லிருந்து சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது. அதன் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். படிவத்தில் பதிவு எண் இருந்தால் போனிலேயே பார்த்துவிடலாம்.

ஆய்வில் சேராவிட்டாலும் கேட்க உரிமை உண்டு. "சார், பிளாக் எவ்வளவு நேரம் நிக்கும்? கூட வேற ஏதாவது மருந்து கலக்குறீங்களா?" இந்த இரண்டு கேள்விக்குக் கோபப்படும் மயக்க டாக்டர் இருக்க மாட்டார். கூடவே நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், பழைய இதயப் பிரச்சினை, சர்க்கரை, கர்ப்பம், முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அந்த முதல் ராத்திரி

துணை மருந்து 2 மணி வலியைக் காலை 8 மணிக்குத் தள்ளிவைக்கலாம். ஒழித்துவிடாது. பிளாக் விலகும்போது வலி சட்டென்று ஏறுவதற்கு 'ரீபவுண்ட் வலி' என்று பெயரே இருக்கிறது. அதனால் வலி வந்த பிறகு மாத்திரை போடலாம் என்று காத்திருக்காதீர்கள். விரல் நுனியில் குறுகுறுப்பு தொடங்கும்போதே, அல்லது டாக்டர் சொன்ன நேரத்திலேயே போட்டுவிட வேண்டும். வலிதான் இல்லையே என்று ராத்திரி மாத்திரையைத் தவிர்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு.

மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, இடிபட்டாலும் தெரியாது. தூளியில் தொங்கவிட்டபடியே வைத்திருங்கள். வெந்நீர் ஒத்தடம், கொதிக்கும் டீ டம்ளர், கட்டிலின் கம்பி எல்லாவற்றிலும் ஜாக்கிரதை. அந்தக் கையை அடியில் போட்டு அழுத்திப் படுக்காமல் கூட இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பக்கம் ஊசி போட்டவர்களுக்குச் சில மணி நேரம் குரல் கம்மலாம், ஒரு பக்கக் கண் இமை லேசாக இறங்கலாம். மருந்து விலகியதும் சரியாகிவிடும். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே சொல்ல வேண்டும்.

எலும்பு முறிவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முன்கைக்குள் வீக்கம் கூடி, தசைக்கு ரத்தம் போவது தடைபடலாம். அளவுக்கு மீறிய வலிதான் அதன் முதல் எச்சரிக்கை. நீண்ட நேரம் நிற்கும் பிளாக் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடக்கூடும் என்பதால், சில வகைக் காயங்களுக்கு எலும்பு டாக்டரே "பிளாக் வேண்டாம்" அல்லது "சீக்கிரம் விலகுற மருந்தா போடுங்க" என்பார். அப்போது ராத்திரி வலி இருக்கும், ஆனால் அது உங்கள் கையைக் காப்பாற்றும் வலி. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் வெளுத்தாலோ, நீலமானாலோ, சில்லிட்டாலோ, மாவுக்கட்டு இறுகிக்கொண்டே போவதாகத் தோன்றினாலோ, வலி இருக்கிறதோ இல்லையோ, அடுத்த ஹாலில் இருக்கும் நர்ஸை எழுப்பத் தயங்காதீர்கள்.

துணை மருந்து சேர்த்த பிளாக் மறுநாள் வரை நிற்பது வழக்கம்தான், பயப்பட வேண்டியதில்லை. 48 மணி நேரம் தாண்டியும் கை மதமதப்பாகவே இருந்தால், விரலை அசைக்க முடியவில்லை என்றால், வீட்டுக்கு வந்துவிட்டாலும் ஊசி போட்ட மயக்கவியல் துறைக்கே திரும்பப் போய்க் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன பிளாக், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்தால், அன்றைக்குப் பார்க்கிற டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.